ஓட்டுநர் பயணத்தைத் தொடங்கவில்லை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள். போக்குவரத்து மேனேஜர், மேசைக்கு அந்தப் பக்கம். அவருக்குப் பக்கத்தில், யார் எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று பட்டியல் போடும் டெஸ்க் ஆள். எச்.ஆர். பெண், மடியில் லேப்டாப். எங்கள் வேன்களை அந்தக் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் விட்டிருந்த முதலாளி, சுவரோரம். நான், நின்றபடி. கடைசியாக மேடம். அவரை யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மேசைமேல் ஒரு தாள் இருந்தது. 'ஆப்பில் பயணத்தைத் தொடங்காமல் விட்டது என் கவனக்குறைவு' என்று அச்சடித்திருந்தார்கள். கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. பக்கத்தில் பேனா. அதன் மூடியை மேனேஜரே கழற்றி வைத்திருந்தார். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மூடி கழற்றிய பேனாதான். போடுவான் என்று எவ்வளவு நம்பிக்கை இருந்தால் அப்படிக் கழற்றி வைப்பார்கள்.

நான் கருங்குழியில் பிறந்தவன். ஒன்பதாவதோடு படிப்பு முடிந்தது. லாரியில் கிளீனர், அப்புறம் டிப்பர், அப்புறம் வேன். திருக்கழுக்குன்றத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, காலையில் கல்பாக்கத்தில் முதல் ஆளை ஏற்றி, மாமல்லபுரம், பூஞ்சேரி, திருப்போரூர் என்று பொறுக்கிக்கொண்டு, சிறுசேரி ஐ.டி. வளாகத்தில் கொண்டுபோய் இறக்குவேன். சாயந்திரம் அதே வழியில் திரும்ப வேண்டும். பேச வேண்டிய வேலை இல்லை. அதனால்தான் எனக்குப் பிடித்தது.

வண்டியோடு ஒரு போனும் கொடுத்திருந்தார்கள். போனில் ஆப். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அன்றைக்கு ஏற வேண்டியவர்களின் பட்டியல் போனுக்கு வந்துவிடும். முதல் ஆள் ஏறியதும் 'தொடங்கு' என்று இருப்பதை அமுக்க வேண்டும். பச்சை வரும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் சில நாள் ஆபீஸ் திரையில் அதே பயணம் சிவப்பாக இருக்கும். 'ஓட்டுநர் பயணத்தைத் தொடங்கவில்லை.' ஒரே வரி. மூன்று சிவப்பு வந்தால் அறைக்குக் கூப்பிட்டு அந்தத் தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது என்பார்கள். முடியாது. அந்தத் தாளைக் காட்டியே கேட் பாஸைப் பிடுங்குவார்கள். அந்த வளாகத்தில் எந்த ஒப்பந்தக்காரரும் பிறகு வண்டி தரமாட்டார்.

என் மனைவியின் தம்பிக்கு அப்படித்தான் ஆனது. அவனும் அங்கே வேன் ஓட்டினான். அவனிடம் கேட்டேன்.

"அமுக்கினியா இல்லியா மச்சான்?"

"அமுக்கினேன் மாமா. பச்சை வந்துச்சு. ஆபீஸ்ல போனா செவப்புன்றான்."

"அப்ப ஏன்டா கையெழுத்துப் போட்ட?"

"எல்லாம் என் மூஞ்சியவே பாத்துகினு கீறாங்க. பேஜாரா பூட்ச்சி. போட்டுட்டேன். நீயா இருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

அப்போது எனக்கும் தெரியாது.

மேடத்தைப் பற்றிச் சொல்கிறேன். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஏறுகிற முதல் ஆள் அவர்தான். அப்பா அங்கே அணுமின் நிலைய வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்று செக்யூரிட்டி சொல்லித் தெரியும். ஏறும்போது வணக்கம் கிடையாது, குட்மார்னிங் கிடையாது. எனக்கு நேர் பின் சீட். தலை ஈரம் காய்ந்திருக்காது. காதில் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிவிடுவார். திருப்போரூர் வந்ததும் கண்ணைத் திறந்து ஒரு டப்பாவைத் திறப்பார். பூண்டுப் பொடியும் இட்லியும். வண்டி முழுக்க மணக்கும். பின்னால் இருப்பவர்கள் முனகுவார்கள். ஒரு நாள் ஒருவர், "மேடம், ஏசி வண்டி இது," என்றார். "அதான் நல்லா சுத்துது," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். என்னிடம் அவர் பேசியதெல்லாம் இரண்டே வார்த்தை. "அண்ணா, ஏசி." ஒரு முறை ஓட்டும்போது போனை எடுத்ததற்குத் திட்டினார். அது கொஞ்சம் நீளம்.

எனக்கு இரண்டாவது சிவப்பு விழுந்த மறுநாள் காலை. அவர் ஏறியதும் நானே கேட்டேன். கேட்டுப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"மேடம், நேத்து நான் ஸ்டார்ட் அமுக்கினத நீங்க பாத்தீங்களா?"

"ஏன்?"

சொன்னேன். மச்சானுக்கு நடந்ததையும் சொன்னேன்.

"நான் கண்ண மூடிட்டு இருந்தேன். பார்க்கல."

"பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். நீங்க ஆபீசரு. உங்க பேச்ச நம்புவாங்க."

"பார்க்காதத பார்த்தேன்னு சொல்ல மாட்டேன், அண்ணா."

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றைக்குப் பையனூர் வேகத்தடையில் நான் பிரேக் தொடவே இல்லை. பின்னால் எல்லாரும் கூரையைத் தொட்டு உட்கார்ந்தார்கள். திருப்போரூர் வந்தது. டப்பாவைத் திறக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினார்.

"அந்தச் செவப்புல என்ன எழுதியிருந்துச்சு? அப்படியே சொல்லுங்க."

"ஓட்டுநர் பயணத்தைத் தொடங்கவில்லை."

"அதுக்குக் கீழ?"

"கீழ ஒண்ணும் கெடயாது மேடம். ஒத்த வரிதான்."

கேளம்பாக்கம் வந்தது. அங்கே சிக்னலில் வழக்கம்போல வண்டிகள் நின்றன. பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது எங்க டீம் எழுதின ப்ரோக்ராம்தான்."

வண்டி நகராத அந்த நேரத்தில் அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நான் அமுக்கினால் அது ஒரே இடத்துக்குப் போவதில்லை. ஒரு ப்ரோக்ராம் இன்னொன்றைக் கூப்பிடும், அது இன்னொன்றை. எங்கோ உள்ளே ஒன்று தடுக்கி விழுந்தால், 'இன்ன காரணத்தால் விழுந்தேன்' என்று ஒரு சீட்டு எழுதி மேலே தரும். மேலே இருப்பது அந்தச் சீட்டைத் தன் சீட்டுக்குள் மடித்து வைத்து, 'எனக்கு வேலை ஆகவில்லை' என்று எழுதும். அதற்கும் மேலே இருப்பது அதையும் மடிக்கும். எங்கள் ஆப்பில் ஆக மேலே இருந்த சீட்டில், என்ன நடந்தாலும் ஒரே வாசகம்தான். ஓட்டுநர் தொடங்கவில்லை. இதை எழுதி வைக்கிற இடத்துக்கு லாக் என்று பெயர். ஜாவா என்கிற அந்த முறையில் மேல் சீட்டை முதலில் எழுதி, உள் சீட்டுகளை வரிசையாகக் கீழே எழுதி, உண்மையான காரணத்தைக் கடைசியில் எழுதுமாம். பக்கம் பக்கமாக வருகிறது, இடத்தை அடைக்கிறது என்று யாரோ ஒருவர் முன்பே 'முதல் வரி போதும்' என்று வெட்டிவிட்டிருக்கிறார்.

"அப்ப காரணம் கீழ போயிடுச்சு," என்றேன்.

"கீழ போகல. எழுதவே இல்ல." பிறகு அவரே கேட்டார். "வழியில வண்டி நின்னா நீங்க ஓனருக்கு எப்படிச் சொல்வீங்க?"

"வண்டி படுத்துகிச்சு, அப்டின்னு போன் போடுவோம்."

"அவர் என்ன சொல்வார்?"

"நீ எப்படிடா ஓட்னன்னு கேப்பாரு."

"டீசல்ல தண்ணி, அதான் ஃபில்டர் அடைச்சிருக்குன்னு முதல்ல சொன்னா?"

"அப்ப பங்க்காரன திட்டுவாரு."

அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன், கண்ணாடியில். "அதத்தான் நான் மாத்தணும்," என்றார்.

அதற்குப் பிறகு சில நாள் ஹெட்போன் இல்லை. வண்டியில் ஏறியதுமே லேப்டாப் திறந்துவிடும். பூஞ்சேரி திருப்பத்தில் தட்டெழுத்துத் தப்பாகிவிட்டால் "அண்ணா!" என்று ஒரு அதட்டல் வரும். என்ன செய்கிறார் என்று கேட்கவில்லை. ஒரு நாள் அவரே சொன்னார். லாக் எழுதுவதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டாராம். எங்கே விழுந்ததோ அந்த வரி முதலில். அதை மடித்தது எது என்பது அடுத்து. 'ஓட்டுநர்' என்கிற வரி ஆகக் கடைசியில். வெளியாட்கள் எழுதிய ப்ரோக்ராமின் வரிகளைக் கழித்துவிட்டாராம், அதனால் நீளமும் இல்லை. இப்படி எழுதச் சொல்ல ஜாவாவில் ஏற்கெனவே வழி இருக்கிறதாம். யாரும் கேட்காததால் யாரும் செய்யவில்லை. மாற்ற வேண்டிய இடம் ஒரு ஃபைலில் ஒரு வரி. கழித்துக் கொடுப்பதற்கு மட்டும் தானே கொஞ்சம் எழுதினாராம்.

"அப்ப என் பேர்ல கீற ரெண்டு செவப்பு?"

"அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அப்ப எழுதாம விட்டத இப்ப எழுத முடியாது. அடுத்த செவப்பு வரட்டும்."

"அடுத்தது வந்தா எனக்கு வேலையே பூடும், மேடம்."

"தெரியும்," என்றார்.

இப்படிப்பட்ட ஆளை என்ன சொல்வது. ஆறுதலுக்கு ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் நான் தினமும் 'தொடங்கு' அமுக்கும்போது, பின் சீட்டிலிருந்து ஒரு தலை முன்னால் நீளும். பச்சை வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் சாயும். அவர் கண்ணை மூடிக்கொள்வது நின்றுவிட்டது.

மூன்றாவது சிவப்பு வந்தது. வந்த அன்றே அறைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி மாடிப்படியிலேயே என் காதோடு சொன்னார். "வாயத் தொறக்காத. போட்டுட்டு வா. உனக்கு வேற எட்த்துல பாத்துக்கலாம்." வேறு இடம் என்று ஒன்று கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

மேனேஜர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இன்னாப்பா, மூணாவது வாட்டி. ஒரு பட்டன அமுக்கக் கூடவா கை வலிக்குது?" டெஸ்க் ஆள் சிரித்தார். எச்.ஆர். பெண் சிரிக்கவில்லை. அப்போதுதான் மேடம் வந்தார். லேப்டாப்பைத் தாளின் மேலேயே வைத்தார். தாள் மறைந்துவிட்டது.

"அவர் அமுக்கினார். இன்னைக்கு நான் பார்த்தேன். ஆனா அத விடுங்க. இதப் படிங்க."

யாரும் படிக்கவில்லை. அவரே படித்துச் சொன்னார். தொடங்கு என்று போனிலிருந்து வந்தது. வந்த பட்டியலில் இருந்த ஒரு ஊழியர் எண் டெஸ்க்கில் இருந்த பட்டியலில் இல்லை. தேடிப்போன ப்ரோக்ராம் அங்கே விழுந்தது. அதனால் பயணம் பதிவாகவில்லை. அதனால் 'ஓட்டுநர் பயணத்தைத் தொடங்கவில்லை.' இதுதான் வரிசை. அந்த ஊழியர் எண் பட்டியலில் இருந்து அழிக்கப்பட்ட நேரமும் இருந்தது. என் போனுக்குப் பட்டியல் வந்த பிறகு, நான் கல்பாக்கம் போய்ச் சேர்வதற்கு முன்.

"யார் அழிச்சது?" என்று எச்.ஆர். பெண் கேட்டார்.

டெஸ்க் ஆள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். "இன்னிக்கு லீவுன்னு அந்த ஸ்டாஃப் போன் பண்ணாங்க. கேன்சல் போட்டா சீட்டு காலின்னு ரிப்போர்ட்ல வருது, மேலருந்து கேள்வி வருது. டெலீட் பண்ணிட்டா வண்டி ஃபுல்லுன்னு காட்டும். சார்தான் அப்படிப் பண்ணச் சொன்னாரு."

மேனேஜர் டெஸ்க் ஆளைப் பார்க்கவில்லை. மேடத்தைத்தான் பார்த்தார்.

"இதெல்லாம் ஏன் லாக்ல வருது? முன்ன வராதே?"

"முன்ன வெட்டியிருந்தது. இப்ப வெட்டல."

"யாரக் கேட்டு மாத்தினீங்க?"

"லாக் எங்க டீம் வேலை. ரிவ்யூல போட்டேன், ஓகே ஆச்சு. மெயில் இருக்கு."

"பழையபடி மாத்துங்க. ஒத்த வரி போதும்."

"மாட்டேன்."

"ஒரு டிரைவருக்காக இவ்ளோ பண்றீங்களா?"

"இவருக்காகப் பண்ணல. என் ப்ரோக்ராம் பொய் சொல்லிட்டிருந்துச்சு. அது எனக்கு அசிங்கம்."

முதலாளி சுவரை விட்டு முன்னால் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், சின்ன விஷயத்த எதுக்கு பெர்சு பண்றீங்க? அவன் கையெழுத்து போட்டுட்டு போறான். நம்ம பையந்தான்," என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான் சொன்னது அப்போது புரிந்தது. அத்தனை கண்ணும் முகத்தில் விழுந்தால் கை தானாகப் பேனாவுக்குப் போகும். என் கையும் போனது. பேனாவை எடுத்தேன். மூடியைத் தேடி மாட்டினேன். மேனேஜர் பக்கம் தள்ளி வைத்தேன்.

"போட மாட்டேன் சார். உள்ள இருக்கறத மொதல்ல சொல்லு. அப்பால என்னிய கேளு."

நான் அந்தக் கட்டடத்தில் பேசிய மிக நீளமான பேச்சு அது. 'சொல்லுங்க' என்று மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போதும் அதற்கு வருத்தமில்லை.

என் சிவப்பு மூன்றையும் எடுத்துவிட்டார்கள். முதல் இரண்டுக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும், எச்.ஆர். பெண் சேர்த்தே எடுக்கச் சொன்னார். மறுநாள் காலை மேடம் ஏறியதும் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அண்ணா, ஏசி," என்றார். அத்தோடு சரி. அந்த மாதமே அவரை அந்த வேலையிலிருந்து மாற்றி வேறு டீமுக்குத் தூக்கிவிட்டார்கள். யாரும் தண்டனை என்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் ராஜினாமா செய்துவிட்டார். தரமணிப் பக்கம் வேறு கம்பெனி என்றார்கள். கடைசி நாள் சாயந்திரம் டவுன்ஷிப் கேட்டில் இறங்கும்போது, திரும்பிப் பார்த்து ஒன்று சொன்னார். "அத பழையபடி ஆக்கிடுவாங்க. ரொம்ப நேரமாகாது, ஒரு வரிதான்." என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. போய்விட்டார்.

அவர் சொன்னபடியே ஆக்கினார்கள். எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், கூடுவாஞ்சேரி வண்டி ஓட்டுகிறவருக்கு மூன்றாவது சிவப்பு விழுந்தது. எங்களில் வயதானவர், எல்லாருக்கும் அண்ணாத்த. அவரை அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர் கேட்டார், "உள்ள இன்னா கீது, காட்டு."

"உள்ள ஒண்ணும் இல்ல. அதான் எழுதியிருக்கே."

"எழுதினது மேல கீது. நான் உள்ள கேக்கறேன்."

வெளியே வந்து பார்க்கிங்கில் எங்களிடம் சொன்னார். எங்களுக்குச் சங்கம் கிடையாது. கூட்டம் போட்டுப் பேசவும் இல்லை. ஷிப்ட் முடிந்து ஆட்கள் வண்டிக்கு வந்துகொண்டிருந்தார்கள். நான் என் சாவியை எடுத்துக்கொண்டு போய் டெஸ்க்கில் வைத்தேன். அண்ணாத்த வைத்தார். ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். டெஸ்க் ஆளின் கீபோர்டு தெரியவில்லை.

"இன்னாய்யா இது?" என்றார்.

"வண்டி படுத்துகிச்சு," என்றார் அண்ணாத்த.

வெயில் இறங்குவதற்குள் லாக் திரும்பவும் தலைகீழானது. அண்ணாத்தைக்கு அடுத்து விழுந்த சிவப்பில் உள்ளே இருந்ததும் அதே விஷயம்தான். பெயர் அழிந்த ஊழியர் வேறு, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு அதில் யாரும் கை வைக்கவில்லை. அந்த மேனேஜர் போய், இன்னொருவர் வந்து, அவரும் போய்விட்டார். இப்போது புது ஓட்டுநர் யாராவது சேர்ந்தால், வண்டிச் சாவிக்கு முன்னால் நாங்கள் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். சிவப்பு வந்தால் பயப்படாதே, முதல் வரியைப் படிக்கச் சொல். முதல் வரியில் ஓட்டுநர் என்றே இருந்தால், அது உன் தப்பு, ஒத்துக்கொள். அப்படியும் சில சமயம் இருந்திருக்கிறது. ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

நான் இன்னும் அதே வழியில்தான் ஓட்டுகிறேன். டவுன்ஷிப் கேட்டில் இப்போது வேறு ஒருவர் ஏறுகிறார். வணக்கம் சொல்வார். நல்ல மாதிரி.

ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை. மேடம் மாற்றுவதற்கு முன் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள். என் மச்சான் அதில் ஒருவன். இப்போது செங்கல்பட்டில் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறான். சிறுசேரி கேட்டில் அவன் பெயர் இன்னும் ஏறாது. புதிதாக வருகிற ஒவ்வொரு மேனேஜரிடமும் போய் நின்று கேட்கிறேன். அந்தத் தாள்களைக் கிழியுங்கள், அவர்களுக்கு கேட் பாஸ் கொடுங்கள். எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். பழைய லாக்கில் உள்ளே ஒன்றும் எழுதவில்லை, அதனால் அவர்கள் பக்கம் ஆதாரம் இல்லை. நானும் ஒரே பதில்தான் சொல்கிறேன். உங்கள் பக்கமும் இல்லை.

போன வாரம் வந்த மேனேஜரிடமும் போய் நின்றேன். கேட்டுவிட்டு, உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு, என்றார். அவர்களுக்கு இன்றைக்கும் கேட் திறக்கவில்லை, அதனால் பழசு இல்லை, என்றேன். சரி, மொத்தம் எத்தனை பேர், என்று கேட்டார்.

பதினேழு பேர்.